கேக்குது மகன், ஆனா விளங்குதில்ல

2016இல் கிளிவெட்டி முகாமிலிருந்து ஊருக்குத் திரும்புவதற்காகச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தோம். அம்மாவின் றங்குப் பெட்டியின் அடியில் ஒரு பிஸ்கற் ரின் இருந்தது. அதற்குள் அடையாள அட்டையின் பிரதி, நிவாரண அட்டை, காணி உறுதியின் மடிந்துபோன ஒரு பிரதி. எல்லாவற்றுக்கும் கீழே, சேலைத் துண்டில் சுற்றிய காது மெசின். 2012இல் ஒரு மருத்துவ முகாமில் கொடுத்தது. இரண்டு கிழமைதான் போட்டிருப்பார். பிறகு கழற்றிச் சுற்றி வைத்துவிட்டார்.

"ஏனம்மா இதப் போடுறதில்ல?" என்று கேட்டேன்.

"அது கூவுது மகன். கூவாட்டி, குடத்துக்குள்ள இருந்து ஆக்கள் கதைக்கிற மாதிரி இருக்கு. அதவிட சும்மா இருக்கிறது நல்லம்."

நான் உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவன். அதற்கு முன்பே கோயில் திருவிழாக்களில் சவுண்ட் செற் கட்டப் போனவன். அப்படியிருந்தும், அம்மா சொன்ன அந்த இரண்டு வசனங்களும் விரியலாக்கி வடிவமைப்பின் இரண்டு அடிப்படைக் கேள்விகள் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. எந்தெந்தச் சத்தத்தை எவ்வளவு பெருக்குவது என்பது ஒன்று. ஒரு சத்தம் உள்ளே வந்த பிறகு கருவி எவ்வளவு விரைவாக அடங்கி நிற்கிறது என்பது மற்றது. இப்படியான பிஸ்கற் ரின்களை வேறு வீடுகளிலும் கண்டிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இரத்தம் வராத காயம்

2006 ஏப்ரலில் சம்பூர்ப் பக்கம் விமானக் குண்டுகளும் எறிகணைகளும் விழத் தொடங்கியபோது எனக்கு 14 வயது. எங்கள் கிணற்றடிக்குப் பின்னால் ஒன்று விழுந்தது. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னோம். இரத்தம் வந்தால்தானே காயம் என்பது அப்போதைய கணக்கு. இரண்டு நாட்கள் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. காதுக்குள் 'கீ' என்று ஒரு சத்தம் மட்டும் இருந்ததாம். பிறகு மெல்ல மெல்லக் கேட்கத் தொடங்கியது. வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து 2007இல் கிளிவெட்டிக்கு வந்து சேர்ந்தபோது, காது சரியாகிவிட்டது என்றே நினைத்திருந்தோம்.

முகாமில் நிவாரணப் பட்டியலைக் கையில் பிடிக்கும் ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். பெயரை வாசித்த பிறகும் அம்மா நின்ற இடத்திலேயே நின்ற நாட்கள் உண்டு. பின்னால் நின்றவர்கள் "செவிடு" என்று சொன்னதும் உண்டு. ஆனால், பிரதான வீதியில் பஸ் வருவது எங்களுக்கு முன்பே அவருக்குக் கேட்டுவிடும். உழவு இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே யாருடையது என்று சொல்லிவிடுவார். மனிதர் பேசுவதுதான் பிடிபடவில்லை. "கேக்குது மகன், ஆனா விளங்குதில்ல" என்பார். அதை முதுமை என்று எடுத்துக்கொண்டோம். அவருக்கு அப்போது 43 வயது.

காசும் காதும்

ஒலி என்பது காற்றின் அதிர்வு. ஒரு செக்கனில் எத்தனை தடவை அதிர்கிறது என்பதுதான் மீடிறன். அதை ஹேர்ட்ஸ் என்ற அலகில் அளக்கிறோம். நல்ல இளம் காதுக்கு 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும். பேச்சில் இந்த அளவு முழுவதும் சமமாகப் பயன்படுவதில்லை. ஆ, ஓ, ஊ போன்ற உயிரொலிகளின் பலம் பெரும்பாலும் 1,000 ஹேர்ட்சுக்குக் கீழே இருக்கிறது. ச, ஸ, ஷ போன்ற காற்றொலிகளின் அடையாளம் 3,000, 4,000 ஹேர்ட்சுக்கு மேலே இருக்கிறது. உயிரொலிகளால் பேச்சு உரத்துக் கேட்கிறது. மெய்யொலிகளால் அது விளங்குகிறது.

'காசு', 'காது' என்ற இரண்டு சொற்களையும் மெல்லச் சொல்லிப் பாருங்கள். முன்னும் பின்னும் ஒன்றுதான். நடுவில் வரும் ஒரு சிறு காற்றுச் சீறல்தான் வித்தியாசம். அந்தச் சீறல் கேட்காதவரிடம் "காசு எங்க?" என்று கேட்டால் அவர் காதைத் தொட்டுப் பார்ப்பார். எங்கள் வீட்டில் இது நடந்தது. சிரித்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

எறிகணையின் அதிர்ச்சி அலை காதின் இந்தப் பக்கத்தைத்தான் பெரும்பாலும் அடிக்கிறது. உட்செவியின் நத்தைச்சுருளுக்குள் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் வரிசையாக நிற்கின்றன. வாசலில் நிற்பவை உயர்ந்த மீடிறன்களுக்கு, உள்ளே ஆழத்தில் நிற்பவை தாழ்ந்த மீடிறன்களுக்கு. பெருஞ்சத்தத்தால் வரும் சேதம் வழமையாக 3,000 முதல் 6,000 ஹேர்ட்ஸ் வரையான இடத்தில், சிறப்பாக 4,000 ஹேர்ட்சை ஒட்டி, ஒரு பள்ளமாகத் தெரியும். கிழிந்த செவிப்பறை பல வேளைகளில் தானாக ஆறும். இறந்த மயிர்க்கலங்கள் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. அம்மாவுக்குப் பஸ் கேட்டதும் பெயர் விளங்காததும் இதனால்தான்.

தொலைபேசியும் இதே இடத்தில்தான் கைவிட்டது. பழைய தொலைபேசி முறை 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரையான பட்டையை மட்டுமே அனுப்பும். வெளிநாட்டிலிருந்து மாமா எடுத்தால் அம்மா "ஓம், ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டு என்னிடம் தருவார். தங்கச்சி தன்னோடு பேச விரும்பவில்லை என்று மாமா பல வருடங்கள் நினைத்திருந்தார்.

நயத்தைக் கூட்டினால் பட்டை குறையும்

முகாமிலிருந்து உயர்தரம் படித்தபோது செயற்பாட்டு விரியலாக்கி எங்கள் பாடத்தில் இருந்தது. 741 என்ற எட்டுக் கால் பூச்சி. 1968இல் பெயார்சைல்ட் நிறுவனத்தில் டேவ் புல்லகர் வடிவமைத்தது. அதன் நயம் இரண்டு இலட்சம் என்று மனப்பாடம் செய்தோம். அந்த இரண்டு இலட்சமும் சில ஹேர்ட்ஸ் வரைக்கும்தான். அதற்கு மேலே மீடிறன் பத்து மடங்கு கூடினால் நயம் பத்தில் ஒன்றாகும். 10 இலட்சம் ஹேர்ட்சை எட்டும்போது நயம் வெறும் 1.

ஆகவே நயத்தையும் பட்டை அகலத்தையும் பெருக்கினால் எப்போதும் ஏறத்தாழ 10 இலட்சம்தான் வரும். 100 மடங்கு பெருக்கச் சொன்னால் 10,000 ஹேர்ட்ஸ் வரை பெருக்கும். பேச்சுக்கு அது போதும். பேராசைப்பட்டு ஒரே கட்டத்தில் 1,000 மடங்கு கேட்டால் 1,000 ஹேர்ட்சோடு அதன் நியாயம் முடிந்துவிடும். உயிரொலி பெரிதாக வரும், மெய்யொலி பின்தங்கிவிடும். 'காசு' 'காது' ஆகும். அதே 1,000 மடங்கை இரண்டு கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 32 மடங்கு எடுத்தால், இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ் வரை தாங்கும். ஒருவரே தூக்க முடியாத மூட்டையை இரண்டு பேர் தூக்குவது போலத்தான்.

சத்தம் கூடுவதும் தெளிவு கூடுவதும் ஒன்றல்ல என்பதே இதன் பொருள். சந்தையில் விற்கும் மலிவான பெட்டி மெசின்கள் பல எல்லா மீடிறனையும் ஒரே அளவாகத் தூக்குகின்றன. மின்விசிறி, மோட்டார், சட்டி பானைச் சத்தம் எல்லாம் சேர்ந்து எழும். அந்தத் தாழ்ந்த இரைச்சல் மெல்லிய மெய்யொலிகளை மூடிவிடும்.

தராசு முள் நிற்கும் வரை

இனி, குடத்துக்குள் இருந்து கதைக்கும் கதை. இது முதல் கதையின் மறுபக்கம்.

அல்லைப் பக்கத்தில் நெல் நிறுத்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மூட்டையைத் தட்டில் வைத்தவுடன் தராசு முள் சரியான இடத்தில் போய் நிற்காது. தாண்டிப் போகும், திரும்பி வரும், ஆடும், பிறகுதான் நிற்கும். முள் நிற்கும் முன் வாசித்தால் ஒருவருக்கு நட்டம். விரியலாக்கியும் இப்படித்தான். உள்ளே திடீரென்று ஒரு மாற்றம் வந்தால் வெளியீடு உடனே உரிய பெறுமானத்துக்குப் போய் நிற்காது. அது சரியான பெறுமானத்துக்கு நூற்றில் ஒரு பங்கு வித்தியாசத்துக்குள் வந்து, அதற்குப் பிறகு வெளியே போகாமல் நிற்க எடுக்கும் நேரத்தை அடங்கும் நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். பேச்சிலே ஒரு எழுத்து அடங்குவதற்குள் அடுத்த எழுத்து வந்துவிட்டால் இரண்டும் குழம்பும்.

இதை நான் படிக்கும் முன்பே காதால் கேட்டிருக்கிறேன். கிளிவெட்டியில் சவுண்ட் செற் வாடகைக்கு விடும் மாமா ஒருவரோடு மைக் வயர் இழுக்கப் போவேன். கோயில் மண்டபத்தில் மைக்கைத் திறந்ததும் 'ஊ' என்று கூவும். சனம் காதைப் பொத்தும். நான் ஓடிப்போய்க் கூவல் நிற்கும் அளவுக்கு மட்டும் சத்தத்தைக் கொஞ்சம் குறைப்பேன். மாமா விடமாட்டார். "கூவல் நிண்டாப் போதாது தம்பி. இன்னும் கொஞ்சம் இறக்கு. இப்ப ஐயர் கதைச்சா கிணத்துக்குள்ள கதைச்ச மாதிரி இருக்கும்." அவர் சொன்னது எவ்வளவு சரியென்று ஒரு சிறு கணக்குக் காட்டும்.

மைக்கிலிருந்து 3.4 மீற்றர் தூரத்தில் ஒலிபெருக்கி இருக்கிறது என்போம். ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகும். ஆகவே வெளியே வந்த சத்தம் 10 மில்லிசெக்கனில் மீண்டும் மைக்குக்குள் வரும். ஒரு சுற்றில் அது முன்பைவிடப் பெரிதாகத் திரும்பினால் கூவல். சிறிதாகத் திரும்பினால் அடங்கும். ஆனால் எவ்வளவு விரைவாக? ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் ஒன்பது பங்கு திரும்பினால், சத்தம் நூற்றில் ஒன்றாகக் குறைய 44 சுற்றுகள் வேண்டும். அதாவது 440 மில்லிசெக்கன், ஏறத்தாழ அரைச் செக்கன். அதற்குள் ஐயர் இரண்டு மூன்று அசைகள் சொல்லிவிடுவார். பாதி மட்டும் திரும்பும்படி இறக்கினால் 7 சுற்றில், 70 மில்லிசெக்கனில், அடங்கிவிடும். இந்த இரண்டு நிலைக்கும் இடையிலுள்ள சத்த வித்தியாசம் 5 டெசிபல்தான். திருகியில் ஒரு சிறு திருப்பு.

அதே கணக்கை மீடிறன் பக்கமாகப் பாருங்கள். பத்தில் ஒன்பது பங்கு திரும்பும்போது, புதிய சத்தத்தோடு ஒத்து ஆடும் மீடிறன்கள் 10 மடங்காக எழும். எதிர்த்து ஆடுபவை ஏறத்தாழப் பாதியாக விழும். மட்டமாக இருக்கவேண்டிய வயல் வரப்பும் பள்ளமுமாகிவிடும். மீடிறனில் தெரியும் மேடுதான் நேரத்தில் நீளும் வாலாகத் தெரிகிறது. ஆகவே பொறியியலாளர் ஒன்றை அளந்தாலே மற்றதையும் ஊகித்துவிடுவார்.

பாடத் தொடங்கிய விரியலாக்கிகள்

இந்தச் சிக்கல் எங்கள் கோயில் மண்டபத்தோடு தொடங்கியதல்ல. நீண்டதூரத் தொலைபேசிக் கம்பிகளில் பேச்சு பல விரியலாக்கிகளைத் தாண்டிப் போகவேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் குரலைக் கொஞ்சம் சிதைத்தது. பெல் ஆய்வுகூடத்தில் வேலைசெய்த ஹரோல்ட் பிளாக் 1927 ஆகஸ்ட் 2ஆம் திகதி காலையில் ஹட்சன் ஆற்றைப் படகில் கடக்கும்போது ஒரு வழியைக் கண்டார். கையிலிருந்த நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகைத் தாளிலேயே அதை வரைந்தார். வெளியீட்டில் ஒரு பங்கை எடுத்து, உள்ளீட்டுக்கு எதிராகத் திருப்பிக் கொடுப்பதுதான் அது. எதிர்ப் பின்னூட்டல் என்கிறோம். நயத்தில் பெரும் பகுதியை இழந்து அதற்குப் பதிலாக உண்மையான குரலைப் பெறுகிறோம்.

ஆனால் திருப்பிக் கொடுப்பது ஒரு நொடிப்பொழுது பிந்தினால், எதிர்க்க வேண்டியது துணைபோகத் தொடங்கும். விரியலாக்கி தானாகவே ஊளையிடும். அந்தக் காலப் பொறியியலாளர்கள் அதைப் 'பாடுகிறது' என்றே சொன்னார்கள். எந்த நிலையில் பாடும், எந்த நிலையில் பாடாது என்ற விதியை ஹரி நைக்குவிஸ்ட் 1932இல் வெளியிட்டார். 741க்கு மூன்று வருடம் முன் வந்த 709 என்ற சில்லு பாடாமல் இருக்க வெளியே கொள்ளளவியும் தடையும் பூட்ட வேண்டியிருந்தது. 741இல் அதை அடக்க 30 பிகோபரட் அளவான ஒரு சின்னக் கொள்ளளவியைச் சில்லுக்குள்ளேயே வைத்தார்கள். மேலே சொன்ன, மீடிறன் கூடக்கூட நயம் குறையும் குணம் அந்தக் கொள்ளளவியால் வந்தது. வேகத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து அடக்கத்தை வாங்கினார்கள்.

மீண்டும் பிஸ்கற் ரின்

அம்மாவின் மெசின் காதுக்குப் பின்னால் மாட்டும் பழைய அனலொக் வகை. மைக்கும் ஒலிபெருக்கியும் இரண்டொரு சென்ரிமீற்றர் இடைவெளியில் இருக்கின்றன. காதுக்குள் போகும் நுனி, எல்லோருக்கும் பொதுவான ஒரு இறப்பர்த் துண்டு. அது அவருடைய காதில் சரியாகப் பொருந்தவில்லை. உள்ளே போகவேண்டிய சத்தம் விளிம்பால் கசிந்து மைக்குக்குப் போனது. அதனால் கூவியது. கூவாத அளவுக்கு இறக்கினாலும் விளிம்பிலேயே நின்றது. அதனால் குடம். கோயில் மண்டபத்தில் நடந்ததுதான் அம்மாவின் காதில் நடந்தது.

மெசினில் பொட்டுப்போலச் சில திருகாணிகள் இருந்தன. எனக்குத் திருகத் தெரியும். எவ்வளவு திருகுவது என்று தெரியாது, ஏனென்றால் அம்மாவின் காது எனக்குத் தெரியாது. காது பரிசோதிப்பவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். 250 முதல் 8,000 ஹேர்ட்ஸ் வரை ஒவ்வொரு மீடிறனிலும் மிக மெல்லிய சத்தம் எது கேட்கிறது என்று பார்த்துக் கோடு வரைந்தார். 500 வரை பெரிய குறையில்லை. 2,000இல் கோடு இறங்கியது. 4,000இல் பள்ளம். பத்து வருடமாக எங்களுக்குத் தெரியாத காயம் ஒரு தாளில் தெரிந்தது. காதை அச்செடுத்துப் புதிய நுனி செய்தார்கள். தாழ்ந்த மீடிறனில் நயத்தைக் குறைத்து, உயர்ந்ததில் கூட்டினார்கள்.

இன்னொன்றையும் அங்கேதான் அறிந்தேன். சேதமான காதுக்கு மெல்லிய சத்தம் கேட்காது, ஆனால் பெருஞ்சத்தம் மற்றவர்களுக்கு வலிப்பது போலவே வலிக்கும். ஆகவே திடீர்ச் சத்தம் வந்தால் மெசின் சில மில்லிசெக்கனுக்குள் தன் நயத்தைத் தானே குறைக்க வேண்டும். சத்தம் போனதும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். இதுவும் அடங்கும் நேரம்தான். குறைப்பது பிந்தினால் சீனவெடி முழுதாகக் காதில் விழும். திரும்புவது பிந்தினால் பாத்திர மூடி விழுந்த பிறகு சொன்ன வார்த்தை காணாமல் போகும். மிக விரைவாகத் திரும்பினாலோ இரைச்சல் மூச்சுவிடுவது போல ஏறி இறங்கும்.

எறிகணைக்குள் இருந்து வந்தவர்களுக்கு இது வசதி பற்றிய விடயம் மட்டுமல்ல. முன்பு, கதவு அடித்துச் சாத்தினால் அம்மா மெசினைப் பிடுங்கிவிட்டு நிலத்தில் குந்துவார். "பழக்கமில்லாததால" என்று நாங்கள் சொன்னோம். பரிசோதிப்பவரிடம் இதைச் சொன்ன பிறகுதான் அவர் உச்ச வெளியீட்டைக் கட்டுப்படுத்தினார். நாங்கள் சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்?

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால்

வயது போனதால்தான் என்று விட்டுவிடாதீர்கள். காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் போகும்போது "காது கேக்குதில்ல" என்று மட்டும் சொல்லாமல், கேட்கிறது, ஆனால் விளங்கவில்லை என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். எறிகணைக்கோ குண்டுக்கோ அருகில் இருந்திருந்தால் அதையும், காதுக்குள் இரைச்சல் இருந்தால் அதையும், திடீர்ச் சத்தத்துக்குப் பயமிருந்தால் அதையும் சொல்லுங்கள். ஒவ்வொரு மீடிறனுக்குமான பரிசோதனைத் தாளைக் கேட்டு வாங்கி வைத்திருங்கள். அந்தத் தாள் இல்லாமல் பொருத்தும் மெசின் பெரும்பாலும் ரின்னுக்குள்தான் போகும்.

மெசின் கூவினால் அது பழுதாகிவிட்டது என்று அர்த்தமில்லை. நுனி தளர்ந்திருக்கலாம், காதுக்குள் அழுக்கு அடைத்திருக்கலாம், சரியாகச் செருகாமல் இருக்கலாம். குடத்துக்குள் பேசுவது போல இருந்தாலும் அதே இடங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இப்போது வரும் டிஜிற்றல் மெசின்கள் கூவலைத் தாமே கண்டு அடக்கப் பார்க்கும். நுனி பொருந்தாவிட்டால் அவற்றுக்கும் சிரமம்தான்.

மெசின் இல்லாதவரோடு பேசும்போது கத்தாதீர்கள். கத்தினால் உயிரொலிதான் பெரிதாகும், மெய்யொலி அவ்வளவாகக் கூடாது. முகம் தெரியும் வெளிச்சத்தில் நின்று கொஞ்சம் ஆறுதலாகப் பேசுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் இணைய வழியாக முகம் பார்த்துப் பேசலாம். நல்ல தொடர்பிருந்தால் பழைய தொலைபேசியைவிட அகலமான பட்டை வரும், உதடும் தெரியும்.

அம்மாவுக்கு எல்லாம் திரும்பி வரவில்லை. இறந்த கலங்கள் இருந்த இடத்தில் எந்த மெசினாலும் முழுதாக எதையும் வைக்க முடியாது. கூட்டத்தில் இன்னும் திணறுவார். வெடி கொளுத்தும் நாட்களில் மெசினைக் கழற்றி வைப்பார், நாங்களும் ஏனென்று கேட்பதில்லை. ஆனால் ஊருக்கு வந்த அடுத்த வருடம் கிராம சேவகர் கூட்டத்தில் பெயர்ப் பட்டியல் வாசித்தபோது, என்னைத் திரும்பிப் பார்க்காமல் தானாகவே எழுந்து போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வந்தார். பிஸ்கற் ரின் இப்போதும் இருக்கிறது. அதற்குள் மெசினுக்கான பற்றரி வைத்திருக்கிறார்.